பதினோராம் படுக்கையின் சம்மதம்

மார்கழி மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில், செம்பூரணி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் இரண்டாவது பெண்கள் வார்டில், பதினோராம் நம்பர் கட்டிலருகே, பல் விளக்கிவிட்டு வந்து முந்தானையைச் சரிசெய்யக் குனிந்தபோது, தன் இடது நெஞ்சு கழுத்தெலும்புக்குக் கீழே தொடங்கிக் கடைசி விலா வரைக்கும் கண்ணாடியாகியிருப்பதை சந்தனமாரி பார்த்தாள். கீறல் இல்லை, கலங்கல் இல்லை; தோலும் கண்ணாடி, எலும்பும் கண்ணாடி, இருதயத்தின் சுவரும் கண்ணாடி; அதற்குள்ளே, மூன்று வாரமாக டாக்டர்கள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிய அந்தச் சுருங்கிப்போன வால்வு, கரையில் எடுத்துப் போட்ட மீனின் வாயைப் போலத் திறக்க மாட்டாமல் திறந்து, மூட மாட்டாமல் மூடிக்கொண்டிருந்தது. மேலப்பாறைக்குளம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாகப் பன்னிரண்டு வருஷம் சாம்பார் குண்டானைத் தூக்கி இறக்கியவள் அவள். ஆவணியிலிருந்து ஒரு கரண்டியைத் தூக்கினாலே மூச்சு வாங்கிப்போனதற்குக் காரணம் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத இந்த வாசல்தான் என்று கண்ணால் கண்டபோது, பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது அவளுக்கு.

வார்டு சிஸ்டர் ஜெயசீலி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "காய்ச்சல் இருக்கா? காலை மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார். பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது, நாடி தொண்ணூறு, இடது நெஞ்சு ஊடே தெரிகிறது என்று கேஸ் ஷீட்டில் ஒரே வரியாக எழுதிவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அறுபது கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள் இருக்கிற வார்டில் ஒருத்தியைப் பார்த்து வியந்து நின்றால், மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கு ஊசி போடுவது யார்?

பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவள் உப்பளத்தில் வேலை பார்த்து, சிறுநீரகம் கெட்டுப்போய் வந்திருந்த மாடத்தி. அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "ஏ சந்தனம், ஒனக்குள்ள கெண்டை மீனுல்லா கெடந்து துடிக்கு!"

"பாத்துக்கோ மதினி. டிக்கெட்டு கெடையாது."

"ரெத்தம் இம்புட்டுச் சிவப்பாவா இருக்கு? ஊரெல்லாம் ஒன்னயக் கறுப்பி கறுப்பிங்கானுவ."

வார்டு சிரித்தது. சிரித்து முடித்ததும் அந்த அதிசயம் வார்டின் சாமான்களில் ஒன்றாகிவிட்டது, ஓடாத காற்றாடியையும் கால் ஒடிந்த ஸ்டூலையும் போல. பெருக்க வருகிற பேச்சித்தாய் ஜன்னல் கண்ணாடியை ஈரச் செய்தித்தாளால் துடைக்கும்போது அதே தாளை மடித்துச் சந்தனமாரியின் நெஞ்சையும் துடைத்துவிட்டுப் போனாள், ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி தைக்கிற தையல்காரர் வந்து அளவெடுத்து, இடது பக்கம் மட்டும் கதவு போலத் திறக்கிற, தட்டுப் பித்தான் வைத்த ஜாக்கெட் நான்கு தைத்துக் கொடுத்தார், பனி மூட்டமான காலைகளில் கண்ணாடியில் ஆவி படியும்போது மாணவர்கள் விரலால் அதில் அம்புக்குறி போட்டு இது மேலறை, இது கீழறை என்று எழுதினார்கள், சிஸ்டர் வந்து ஸ்பிரிட் பஞ்சால் அழித்தார், பிரசவ வார்டிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்து பார்த்தார்கள், எலும்பு வார்டிலிருந்து கட்டுப் போட்ட காலோடு ஆண்கள் வந்தார்கள், ஒருத்தன் தன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, "நல்லாப் பாருட்டி, நெஞ்சுக்குள்ள ஆளு குடியிருக்க எடம் எங்க இருக்கு? சும்மா சந்தேகப்படுத" என்று சண்டையைத் தீர்த்துக்கொண்டு போனான். சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து வரை, சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால், பார்வையாளர் நேரம் என்று வாட்ச்மேனே ஒழுங்கு வைத்துவிட்டார். ஏன் கண்ணாடியானது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது பார்க்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

பார்க்கிற நேரத்தைவிட அவளுக்கு முக்கியமாக இருந்தது தேதி. கார்த்திகையில் சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள், தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து, அந்த வாசலை விரித்துவிட்டால் பழையபடி குண்டான் தூக்கலாம், காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிடும், ஒரு தேதி போட்டால் போதும் என்று. பெண் மாரிக்கனி ஒன்பதாம் வகுப்பு. நாத்தனார் வீட்டில் விட்டிருந்தாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். "தேதி எப்போ?" என்பதுதான் அந்த மூன்று மாதமும் அவள் எல்லாரிடமும் கேட்ட ஒரே கேள்வி.

மருத்துவப் பிரிவின் தலைவர் பேராசிரியர் திருமலைநம்பி. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் சீஃப். அவர் அந்தச் செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸில் பதினோராம் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், ஒன்றரை மணிநேரம் எழுந்திருக்கவில்லை. "முப்பது வருஷமா இருதயத்தோட இந்த முணுமுணுப்புச் சத்தத்த இவன்க காதுல ஏத்தப் பாத்தேன். கேட்டியான்னா, கேட்டேன் சார்ம்பான். ஒருத்தனுக்கும் கேட்டிருக்காது. இப்ப பாருங்கடா! கண்ணு இருக்கில்ல?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முந்தானையை இழுத்துக்கொண்ட சந்தனமாரியைப் பார்த்து, "மறைக்க என்னம்மா இருக்கு? தெரியறது இருதயம்தானே" என்றும் சொன்னார். நெஞ்சு கண்ணாடியாகிவிட்டால் அதற்குரியவளுக்கு வெட்கமும் கண்ணாடியாகிவிடுமா என்று அந்த ஒன்றரை மணிநேரத்தில் சுற்றி நின்ற நாற்பது பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அதில் இருபத்துமூன்று பேர் பெண்கள்.

அந்த நாளோடு வார்டில் ஸ்டெதாஸ்கோப்புகள் கழுத்து நகையாகிப்போயின. கண்ணால் தெரிகிற இடத்தில் காது எதற்கு? மாணவர்கள் வந்தார்கள், தட்டுப் பித்தானை நெகிழ்த்தார்கள், பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். முதுகுப் பக்கம் கண்ணாடி இல்லை. முதுகுப் பக்கம் யாரும் வரவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும், நெஞ்சு கண்ணாடியாவதற்கு முன்பே, காது வைத்துக் கேட்டவள். இறுதியாண்டு படித்த இளவேனில். அப்பா அரசு பஸ் கண்டக்டர், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, அந்தக் குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரி வாசலைத் தாண்டியவள். சந்தனமாரியிடம் நோய் விவரம் எடுக்க வந்த முதல் நாளில், தொழில் என்ன என்று கேட்டு, சத்துணவு ஆயா என்றதும் பேனாவை மூடிவிட்டாள்.

"நான் பத்தாவது வரைக்கும் சத்துணவுலதான்க்கா சாப்பிட்டேன். எங்க ஆயா எனக்கு மட்டும் பெரிய முட்டையாப் பாத்து வைக்கும்."

"ஒல்லிப் பிள்ளைக்குப் பெரிய முட்டை. எல்லா ஆயாவும் அப்படித்தான். நீயும் இன்னும் ஒல்லியாத்தான இருக்க."

அதற்குப் பிறகு இளவேனில் தினமும் வந்தாள். தலை வாரிவிட்டாள். மாரிக்கனியோடு பேசத் தன் செல்போனைக் கொடுத்தாள். பதிலுக்கு சந்தனமாரி அவளுக்குப் பாடம் நடத்தினாள், ஆமாம், பாடம்தான். அந்த ஆஸ்பத்திரியில் அது வழக்கம். நல்ல அறிகுறி உள்ள நோயாளிகளைப் பரீட்சைக்கென்று எடுத்துவைப்பார்கள், எக்ஸாம் கேஸ் என்று பெயர், அவர்களும் நாலு பரீட்சை பார்த்ததும் தங்கள் நோயைத் தாங்களே ஒப்பிக்கப் பழகிவிடுவார்கள், தேர்வாளர் திரும்பி நிற்கிற நேரத்தில் முழிக்கிற பிள்ளைக்கு மெதுவாக எடுத்துக் கொடுப்பார்கள், "தம்பி, மண்ணீரலு வீங்கியிருக்கு, அதச் சொல்லு" என்று. டாக்டர் பட்டம் வாங்கிய எத்தனை பேர் அப்படிக் கட்டிலிலிருந்து வந்த முணுமுணுப்பில் பாஸானவர்கள் என்று கணக்கெடுத்தால், அந்தக் கல்லூரியின் சுவரில் தொங்குகிற பாதிப் படங்களைக் கழற்ற வேண்டிவரும். சந்தனமாரி இரண்டே வாரத்தில் தேறிவிட்டாள். "வால்வு தெறக்கும்போது டக்குனு ஒரு சத்தம் வரும்லா, அதுக்கு என்னமோ ஒரு பேரு உண்டே, ஓப்பனிங் ஸ்னாப்பு, அத விட்டுட்ட பாத்தியா" என்று அவள் அதட்டும்போது மாணவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாடு முடிந்து வார்டு கண் அசந்த வேளையில், இளவேனில் ஒரு காகிதத்தோடு வந்தாள். இங்கிலீஷில் இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"என்ன தாயி இது?"

இளவேனில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரலை வரியின் மேல் ஓட்டி வாசித்தாள். "எனக்கு வால்வைப் பலூன் வச்சு விரிக்கிறதுக்குச் சம்மதம். அதோட நன்மை, ஆபத்து எல்லாம் எனக்குப் புரியற மொழியில சொல்லப்பட்டது. அவ்வளவுதான்க்கா. பொங்கல் கழிச்சுத் தேதி போட்ருவாங்க."

"நீ முழுசா வாசிச்சியா?"

"வாசிச்சேன்க்கா."

"நீ வாசிச்சாப் போதும்" என்று சொல்லி, எட்டாம் வகுப்பு வரை படித்த கையெழுத்தில், கோடு வளையாமல், பெயரை முழுசாக எழுதினாள் சந்தனமாரி. இளவேனில் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு அவள் தலை வாரிவிடவில்லை.

பொங்கல் கழிந்தது. துணைவேந்தர் வந்தார், மாலை போட வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் கை கட்டி நின்றார். ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, இப்படியொரு கற்பித்தல் வசதி தென்மாவட்டங்களிலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்து மேற்படிப்புக்கு நான்கு இடம் கூட்டியது. பல்கலைக்கழகம் சுற்றிலுமுள்ள ஐந்து கல்லூரிகளின் செய்முறைத் தேர்வையும் செம்பூரணியிலேயே நடத்துவதென்று சுற்றறிக்கை விட்டது. சந்தனமாரி தேதியைக் கேட்டபோது ஆய்வு முடியட்டும் என்றார்கள், ஆய்வு முடிந்து கேட்டபோது தியேட்டரில் மெஷின் ரிப்பேர் என்றார்கள், மெஷின் சரியாகி அவள் கண்ணெதிரே பதின்மூன்றாம் கட்டில்காரிக்கு அதே பலூனை வைத்து அனுப்பிவிட்டு, உனக்கும் வரும் வரும் என்றார்கள். அதற்குள் அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். இருமினால் எச்சில் நுரையாக வந்தது. அதைச் சொன்னபோதெல்லாம் ஹவுஸ் சர்ஜன் ஜாக்கெட் கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, "நேத்து மாதிரியேதான்க்கா இருக்கு" என்று மூடிவிட்டுப் போனார்.

"நெஞ்சுக்கு ஜன்னல் வச்ச மவராசி" என்றாள் மாடத்தி, "நீ சாகக் கெடக்குறதக்கூட இவனுவ ஜன்னல் வழியாத்தாம்ட்டி எட்டிப் பாப்பானுவ."

மாசி பிறந்ததும் சந்தனமாரி தானே இறங்கிவிட்டாள். இரண்டு மாடி, ஐம்பத்திரண்டு படி. எட்டுப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டருக்குப் போய் அட்டையை நீட்டினாள். கவுன்ட்டர்காரர் கம்ப்யூட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"ஒங்களுக்கு அப்பவே அனுமதி வந்திருச்சேம்மா. மார்கழிலயே."

"அப்போ தேதி?"

"நீங்கதான வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கிய." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் எழுதிய பெயர், கோடு வளையாமல், அதில் இருந்தது. "கல்விப் பயன்பாட்டிற்காக இந்தக் கல்வியாண்டு முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்க என் முழு விருப்பத்துடன் சம்மதிக்கிறேன். அப்படின்னு போட்டிருக்கு. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நல்ல மனசும்மா ஒங்களுக்கு."

"விளக்கிச் சொன்னவருன்னு ஒரு பேரு இருக்குமே?"

"இருக்கு. இளவேனில், இறுதியாண்டு."

ஐம்பத்திரண்டு படியையும் அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று சாயங்காலம் இளவேனில் வந்தபோது சந்தனமாரி ஜாக்கெட்டின் நான்கு பித்தான்களையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் காகிதத்த இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டு தாயி."

பிள்ளைக்கு முகம் வெளுத்தது.  பிறகு சொற்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. "சீஃப்தான்க்கா குடுத்தாரு. நீ சொன்னாத்தான் அவங்க போடுவாங்கன்னாரு. விரிச்சிட்டா அது சாதாரண இருதயம், சாதாரண இருதயம் அலமாரியில பிளாஸ்டிக்லயே இருக்குன்னாரு. ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆயிராதுன்னு சத்தியமாச் சொன்னாருக்கா. எனக்கு இன்டர்னல் மார்க் அவர் கையில... எங்க அப்பா..."

"ஒங்க அப்பா பஸ்ஸுல தென்காசி போர்டு மாட்டி ஏத்திட்டு, திருச்செந்தூருல கொண்டு எறக்குவாராட்டி?"

இளவேனில் அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. "நாளன்னிக்குப் பரீட்சைக்கா. வெளியூர்லருந்து எக்ஸ்டர்னல் வாராங்க. அவங்க முன்னாடியே சொல்லிர்றேன், நான் தப்பா வாசிச்சேன்னு. சீஃப் அங்க ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கே தேதி போட வச்சிருவேன். என்னை நம்புங்கக்கா."

மாடத்தி போர்வைக்குள்ளிருந்து, "நம்பாதட்டி" என்றாள். சந்தனமாரி அந்தப் பிள்ளையின் முழங்கையைப் பார்த்தாள், எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒல்லிப் பிள்ளைகளுக்குப் பெரிய முட்டை எடுத்துவைத்த கை அவளுடையது. அந்தக் கைக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. "போ, போயி சாப்பிட்டுட்டுப் படி" என்றாள்.

பரீட்சையன்று வார்டுக்குப் புதுப் போர்வை வந்தது. கட்டில்களுக்கு நடுவே பச்சைத் தட்டிகள் வந்தன. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பதினோராம் கட்டில் யாருக்கு விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சீஃப் குலுக்கிய சீட்டு அது. இளவேனில் முக்கால் மணிநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த எல்லாவற்றையும் மறுபடியும் கேட்டு எழுதினாள்.  "சொல்லிருவேன்க்கா" என்று இரண்டு தடவை சொன்னாள். சந்தனமாரிக்கு அன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு எட்டவில்லை, உதடு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது. ஆனால் பரீட்சைக்கு அது நல்ல அறிகுறி.

வெளியூர்த் தேர்வாளர் காதோரம் நரைத்த அம்மா. பக்கத்தில் சீஃப். ஜாக்கெட் திறக்கப்பட்டது, அந்த அம்மா கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். இளவேனில் நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் ஒப்பித்தாள், ஒரு பிசிறில்லை. மூன்று மாதம் அதே இங்கிலீஷுக்கு நடுவே கிடந்தவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் சத்தம் புரியும். எல்லாம் முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்:

"நன்று. இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, ஏன் இன்னும் இந்த அம்மாவுக்குச் சிகிச்சை செய்யவில்லை?"

கதவு திறந்தது என்று நினைத்தாள் சந்தனமாரி. அதற்காகத்தானே மூன்று மாதம் காத்திருந்தது, அதற்காகத்தானே மாடத்தி சொல்லியும் கேளாமல் இருந்தது. இளவேனில் தேர்வாளரைப் பார்த்தாள், சீஃபைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவளை மட்டும் பார்க்கவில்லை.

"பேஷண்ட் நாட் வில்லிங், மேடம்."

நோயாளிக்கு விருப்பமில்லை. இங்கிலீஷில் மூன்றே சொல். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிற, யாரும் இரண்டாம் தடவை வாசிக்காத மூன்று சொல்.

வழக்கமாக அந்த இடத்தில் கட்டிலிலிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். அன்று வந்தது முணுமுணுப்பு இல்லை. சந்தனமாரி இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, மாணவர்கள் எந்த வரிசையில் சொல்வார்களோ அதே வரிசையில், ஒவ்வொரு வரிக்கும் மூச்சைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்:

"பேரு சந்தனமாரி. வயசு முப்பத்தாறு. தொழில், சத்துணவு ஆயா. தொந்தரவு, மூச்சு வாங்குறது, ஏழு மாசம். இங்க வந்தப்புறம் கூடிப்போச்சு. படுத்தா முட்டுது, இருமினா நுரை வருது, அத யாரும் எழுதல. முன்வரலாறு, மார்கழில அனுமதி வந்தாச்சு. சிகிச்சை வரலாறு, ஒண்ணும் கெடையாது. காரணம், வாசிச்சுக் காட்டினவ மாத்தி வாசிச்சா. வாசிக்கச் சொன்னவரு இந்தா நிக்காரு. நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு நாளும் சொல்லல."

தட்டிக்குப் பின்னால் மற்ற பரீட்சைகளும் நின்றுவிட்டன. தேர்வாளர் இளவேனிலைப் பார்த்தார். "இந்த அம்மா சொல்வது உண்மையா?"

இதுதான் இரண்டாவது கதவு; ஒரே காலையில் இரண்டு கதவு யாருக்குத் திறக்கும்? இளவேனிலின் தொண்டை ஏறி இறங்கியது. "மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் நோயாளி சற்றுக் குழப்பத்தில் இருக்கிறார், மேடம்" என்றாள். அதற்குத் தனியாக இரண்டு மதிப்பெண் உண்டு.

சீஃப் கோப்பைத் திறந்து கையெழுத்தைக் காட்டினார். தேர்வாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சந்தனமாரியிடம் தமிழில், மிக மரியாதையாக, "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்று கேட்டார்.

"என்னுதுதான்."

"பிறகு?"

மணி அடித்தது. அடுத்த மாணவன் தட்டியை விலக்கிக்கொண்டு வந்தான். தேர்வாளர் கொஞ்சம் தயங்கி நின்றார், அவரையும் குறைசொல்லி முடிக்க மனம் வரவில்லை, ஆனால் தயங்கி நின்றவர்கள் நகர்ந்து போகவும்தான் செய்தார்கள். அந்த வருஷம் இளவேனில் மருத்துவத்தில் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவி.

சந்தனமாரி அன்று மதியமே போய்விட்டாள். மாடத்திதான் பையைக் கட்டிக் கொடுத்து, கடற்கரைப் பக்கம் முத்தரையன்பட்டினத்தில் பழைய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கேயும் அந்த அட்டை செல்லும் என்று பஸ் நம்பரைச் சொன்னாள். பேச்சித்தாய் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள். வார்டுப் பதிவேட்டில் 'சொல்லாமல் சென்றுவிட்டார்' என்று எழுதினார்கள். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவளைப் பற்றி எழுதியது அது. மறுநாள் ஐந்து கல்லூரி மாணவர்களும் வந்து காலிக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், அங்கே என்ன தெரிந்திருக்கும் என்று சீஃப் கையால் காற்றில் வரைந்து காட்டினார், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். செம்பூரணி எதையும் உள்வாங்கிக்கொள்ளும்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஒரு தூக்கம் கெட்ட இளைஞர், சட்டைப் பையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். சந்தனமாரி பழக்கத்தில் பித்தானைத் திறந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், "மூடிக்கோங்கம்மா, குளிரப்போகுது" என்று சொல்லி, பின்பக்கம் போய் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "இழுத்து மூச்சு விடுங்க." கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். முகம் மாறிவிட்டது. "நுரையீரல் முழுக்கத் தண்ணி கோத்திருக்கு. எத்தனை நாளா இது? யாரும் கேட்டுப் பாக்கலையா?"

"பாத்தாவ" என்றாள். "கேக்கல."

"இங்க காலேஜ் எல்லாம் கிடையாதும்மா. இது வெறும் ஆஸ்பத்திரி. தண்ணிய வடிய வச்சுட்டு, நாளைக்குக் காலைலயே விரிச்சிரலாம்." ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், பல வாரங்களில் முதல்முறையாக அவள் கொஞ்சம் சாய்ந்து படுத்தாள். மறுநாள் காலை தியேட்டருக்குக் கூட்டிப்போக வந்த டாக்டர் கையில் ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷில். கீழே கோடு.

"என்ன எழுதியிருக்கு?"

டாக்டர் வாசித்தார். வால்வை விரிக்கச் சம்மதம் என்றார். அவள் பேனாவை வாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் மகன் பாலிடெக்னிக் படிக்கிறவன், அவனை வாசிக்கச் சொன்னாள். அவனும் அதையே வாசித்தான். டீ கொண்டுவந்த பெண்ணை வாசிக்கச் சொன்னாள்; திக்கித் திக்கி அவளும் அதையே சொன்னாள். பிரார்த்தனைக்கு வந்த பாதிரியாரை நிறுத்தினாள். நான்கு பேரும் வாசிக்கும்போது அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, வாசிக்கிறவர்களின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் ஒன்றையே சொன்னார்கள். நான்கு பேரையும் அவளால் நம்ப முடியவில்லை. நேர்மையான காகிதமாகத்தான் இருக்கும், யார் இல்லையென்றது? ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையும் இப்படித்தான், விரலை வரிமேல் ஓட்டித்தான் வாசித்தாள்.

"தியேட்டர் ரெடிம்மா" என்றார் டாக்டர் தணிவாக. "லேட்டாக ஆக உங்களுக்குத்தான் ஆபத்து."

சந்தனமாரி பேனாவை வாங்கினாள். அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடாமல், அதற்குக் கீழே, காலியாக இருந்த இடத்தில், எட்டாம் வகுப்புத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, மூச்சு வாங்க மூச்சு வாங்க எழுதினாள்:

'என் நெஞ்சுக்குள்ள இருக்கிற வாசலை இன்னைக்கே விரிக்க எனக்குச் சம்மதம். வேடிக்கை பார்க்க யாருக்கும் சம்மதம் இல்லை.'

டாக்டர் குனிந்து பார்த்தார். "இப்படி எழுதுற வழக்கம் இல்லையேம்மா" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எழுதியதை சந்தனமாரி ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். எழுதியபடியேதான் இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.